வெங்காயம் உரிக்கும் ஆறு பேர்

ஆகஸ்ட் 5

எக்ஸ்ரே அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பல்லெல்லாம் நலம். பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை உத்தியோகம் பார்ப்பவளுக்கு இந்த அறையில் ஒரு வேலையும் கிடையாது. ஆனால் என் வாழ்க்கையிலேயே உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளக்கூடிய அறை இது ஒன்றுதான். மதியம் ஒன்றேகாலிலிருந்து ஒன்றரை வரை, வெளியே சிவப்பு விளக்கு எரிய, நான் உள்ளே சும்மா உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் அழுதேன். ஒரு நாள் நிம்மதியாக மூக்கு நோண்டினேன். இரண்டும் வீட்டில் முடியாத காரியங்கள்.

எங்கள் வீட்டில் எந்தக் கதவையும் சாத்தக் கூடாது. யாரும் எதையும் தட்டவும் கூடாது. அப்பாவின் சட்டம். ஒவ்வொரு கதவுக்கும் அடியில் அவரே செதுக்கிய மரக்கட்டை ஒன்று. தாழ்ப்பாள்களை நான் பிறப்பதற்கு முன்பே கழற்றிவிட்டார். வாசலில் கம்பிக் கதவு மட்டும் பூட்டப்படும். மரக்கதவு சுவரோடு சாய்ந்தே நிற்கும். குளியலறைக் கதவுக்கும் கட்டைதான்; மறைப்புக்குத் திரை. உள்ளே ஆள் இருப்பதற்கு அடையாளம் பாட்டு. பாட்டு என்றால் என் பாட்டு. இடையில் மூச்சு வாங்க நிறுத்தினால் கூடத்திலிருந்து குரல் வரும்: “பாப்பா, பாட்டு ஏன் நின்னுச்சு?”

பாப்பாவுக்கு வயது ஐம்பத்தொன்று.

கேட்பவர்களுக்கு அம்மா சொல்லிவைத்த பதில், “அவருக்குக் காத்து வேணும். கப்பல்ல இருந்தவர் இல்லையா.” அந்தக் காற்றில்தான் என் கல்யாணமும் பறந்தது. வீட்டுக்காரர் நல்ல மனிதர். மூன்று மாதம் எங்களோடு இருந்து பார்த்தார். “குடும்பம் நடத்த நான் என்ன பூங்காவிலயா இருக்கேன்?” என்று கேட்டுவிட்டுப் போனார். இப்போது வேறு ஊரில், கதவுள்ள வீட்டில், சௌக்கியமாக இருப்பதாகக் கேள்வி.

ஆகஸ்ட் 6

பக்கத்து வீட்டுப் பூனை என் கட்டிலில் தூங்குகிறது. என்னைவிட அதற்கு இங்கே உரிமை அதிகம். அது வெளியேயும் போகலாம்.

ஆகஸ்ட் 9

முன்னாள் கடற்படையினர் சங்கத்தின் செயலாளர் தொலைபேசியில் வந்தார். அவர் பீரங்கிப் பிரிவில் இருந்தவர். காது பாதி போய்விட்டது. உலகத்துக்கே காது போய்விட்டதென்று நினைத்துப் பேசுவார். எங்கள் வீட்டில் ரகசியம் ஏற்கெனவே இல்லை. அவர் பேசினால் தெருவிலும் இருக்காது.

“அம்மா! போர் நினைவு மலர் போடறோம்! உங்கப்பா கப்பல்ல கேமரா வெச்சிருந்த ஒரே ஆள் அவருதான்! படங்களும் வேணும், படத்துல இருக்கிறவங்க பேரும் வேணும்! செப்டம்பர் பன்னெண்டுக்குள்ள!”

“தேடிப் பார்க்கிறேன் சார்.”

“அவசரம்மா! அந்தக் கப்பல்ல இறந்துபோன ஒருத்தரோட மக எனக்கு எழுதியிருக்கு! அப்பா முகத்தையே பார்த்ததில்லையாம்! வீட்ல ஒரு படம்கூட இல்லையாம்!”

தேட ஒன்றுமில்லை. படங்கள் அலமாரியில்தான் இருக்கின்றன. அதுதான் பிரச்சினையே.

ஆகஸ்ட் 10

குற்றத்தை இங்கேயாவது ஒப்புக்கொள்கிறேன்.

அப்பாவின் நாற்பத்தொரு படங்களும் முதலில் கறுப்புத்தாள் ஆல்பத்தில், நான்கு மூலையிலும் காகித முக்கோணம் செருகி, சமர்த்தாக இருந்தன. எனக்குப் பத்தொன்பது வயதில் முதல் சம்பளம் வந்தது. அப்பாவுக்கு ஏதாவது செய்தே தீருவேன் என்று கிளம்பினேன். அப்போது புதிதாக வந்திருந்தது, பசை தடவிய பக்கமும் மேலே கண்ணாடித்தாளும் உள்ள ஆல்பம். அட்டையில் சூரிய அஸ்தமனம். ஒரே மதியத்தில் நாற்பத்தொன்றையும் பிய்த்து, பசைமேல் வைத்து, அமுக்கு அமுக்கென்று அமுக்கி ஒட்டினேன். பின்பக்கங்களில் அப்பா பேனாவால் ஏதோ எழுதியிருந்தார். நான் படிக்கவில்லை. முன்பக்கம் அழகாகத் தெரிந்தால் போதாதா?

அப்பா புரட்டிப் பார்த்துவிட்டு, “நல்லா இருக்கு” என்றார். அவ்வளவுதான். நான் ஒரு வாரம் பெருமையில் மிதந்தேன்.

முப்பத்திரண்டு வருடம். பசை மஞ்சளாகி, கல்லாகி, படங்களைத் தனக்கே சொந்தம் என்று பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு மூலையை நகத்தால் நெம்பினேன். கடல் ஒரு துண்டு கிழிந்து வந்தது.

செயலாளரிடம் “ஈரம் சார், பழைய வீடு” என்று சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 14

அட்மிரல் அழைத்தாள். அதாவது என் அக்கா. கடல் தாண்டி இருந்துகொண்டு உத்தரவு போடுவதால் அந்தப் பட்டம். இருபத்திரண்டு வயதில் கதவுக்காகவே கல்யாணம் பண்ணிக்கொண்டு போனவள்.

“அப்பாவை ஏண்டி இப்பப் போய்க் கிளர்ற? மறதி வேற ஆரம்பிச்சிருக்கு. நிம்மதியா இருக்கட்டுமே.”

“மறதி வர்றதாலதாங்க்கா இப்ப கேக்கணும்.”

“உனக்கு வேற வேலை இல்லையா?”

“இல்லக்கா. நீ எல்லா வேலையும் எடுத்துட்டுப் போயிட்ட.”

இதைச் சொல்லும்போது அப்பா எதிரே உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். எங்கே போய்ப் பேசுவது? அக்காவோடு சண்டை போடக்கூட எனக்கு ஓர் அறை இல்லை.

ஆகஸ்ட் 19

டாக்டரம்மா என்னை எக்ஸ்ரே அறையில் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். மடியில் ஆல்பம்.

“இங்க என்ன பண்றீங்க?”

“படம் பாக்கறேன் டாக்டர். எக்ஸ்ரே அறைல வேற என்ன பண்றது?”

அவர் தபால்தலை சேர்ப்பவர். திட்டுவார் என்று பார்த்தால் ஆல்பத்தை வாங்கி, விளக்கடியில் சாய்த்துப் பார்த்து, உச்சுக் கொட்டினார். சொத்தைப் பல்லைப் பார்த்தால் அப்படித்தான் கொட்டுவார். “எந்தப் புண்ணியவான் இதுல ஒட்டினது?” என்றார். “தெரியல டாக்டர்” என்றேன். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து பல்லிடுக்கு சுத்தம் செய்யும் நூல் ஒரு சுருள் எடுத்துக் கொடுத்தார். படத்துக்கும் பசைக்கும் நடுவே நூலை விட்டு, ரம்பம்போல மெதுவாக, மிக மெதுவாக இழுக்க வேண்டுமாம். பிரிந்ததும் ஒவ்வொன்றையும் அமிலம் இல்லாத தாளில் தனித்தனியாக மடித்து வைக்க வேண்டுமாம்.

முப்பத்திரண்டு வருடத் தப்புக்குப் பரிகாரம் பல் குத்துவது.

ஆகஸ்ட் 23

பதினேழு படங்கள் பிரிந்துவிட்டன. முதல் மூன்றுக்குப் புதினா வாசனை நூலைப் போட்டுவிட்டேன். அப்பா முகர்ந்து பார்த்து, “எங்க கப்பல் இவ்வளவு சுத்தமா இருந்ததே இல்ல” என்றார்.

சாப்பாட்டு மேசைதான் பட்டறை. அப்பா எதிரே உட்கார்ந்து கதை சொல்கிறார். காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டால் தெரியாது. ஐம்பத்துச் சொச்சம் வருடத்துக்கு முன் சமையற்காரர் சோற்றில் உப்புக்குப் பதில் சலவைச் சோடா போட்டது தெரியும். கொடிக்கயிற்றில் காயும் சட்டைகள், தளத்தில் கவிழ்ந்து தூங்கும் ஆள், பீரங்கிமேல் உட்கார்ந்த பறவை. எந்தப் படத்திலும் அப்பா இல்லை, எடுத்தவர் அவர் என்பதால். ஆனால் பாதிப் படங்களின் ஓரத்தில் மங்கலாக ஒரு கட்டைவிரல்.

“உங்களுக்குப் படம் எடுக்கவே தெரியலப்பா.”

“நானும் அதுல இருக்கணும்ல பாப்பா.”

பசை கோடு கோடாகத் தடவியிருந்ததால், பின்பக்கத்து எழுத்தும் கோடு கோடாகப் போயிருக்கிறது. இடையிலிருப்பதைப் படித்து மிச்சத்தை அப்பாவிடம் கேட்டு எழுதுகிறேன். கேட்டதும் சொல்கிறார். இவ்வளவு சுலபமாக முடியும் என்று நினைக்கவே இல்லை.

ஆகஸ்ட் 28

முடியவில்லை.

நாற்பதைப் பிரித்தாயிற்று. கடைசிப் படம்: கப்பலின் கீழ்த்தளம், தாழ்ந்த கூரை. ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறார்கள். ஆறு பேருக்கும் கண்ணீர் ஓடுகிறது, ஆறு பேரும் சிரிக்கிறார்கள். இருப்பதில் இதுதான் நல்ல படம். கட்டைவிரல்கூட இல்லை.

“இது யாரெல்லாம்பா?”

அப்பா எழுந்து போய்விட்டார். கதவுக் கட்டைகளை ஒவ்வொன்றாகக் காலால் அழுத்திப் பார்த்துவிட்டு வந்தார். “அத விட்டுடு பாப்பா. ஒட்டினது ஒட்டினபடி இருக்கட்டும்” என்றார்.

ஆகஸ்ட் 29

குளிக்கும்போது மூன்று தடவை “பாட்டு ஏன் நின்னுச்சு?”

செப்டம்பர் 2

அப்பா முகமே பார்க்காத அந்தப் பெண் என்னையே அழைத்துவிட்டாள். செயலாளர் எண் கொடுத்திருக்கிறார். தையல் வேலையாம், பின்னால் எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்திவிட்டுப் பேசினாள்.

“தொந்தரவுக்கு மன்னிக்கணும்க்கா. நான் பிறந்து நாப்பது நாள்ல அப்பா போயிட்டாரு. வீடு மாறும்போது படம் இருந்த பெட்டி தொலைஞ்சுடுச்சாம். கண்ணாடில பாக்கறப்ப, என் முகத்துல எதெல்லாம் அம்மா மாதிரி இல்லையோ அதெல்லாம் அப்பான்னு வெச்சிருக்கேன்.”

எனக்கு உடனே ஒரு நகைச்சுவை தோன்றவில்லை. இது எனக்கு அபூர்வம்.

“உங்கப்பாவப் பத்தி ஏதாவது தெரியுமாம்மா?”

“நல்லாப் பாடுவாராம். அது மட்டும் அம்மா சொல்லும்.”

செப்டம்பர் 4

அப்பா தூங்கும் மதிய நேரம் பார்த்துப் பிரித்தேன். இரண்டு மணி நேரம். நூல் இரண்டு முறை அறுந்தது. வந்துவிட்டது, முழுசாக; எழுத்தும் பசைக்கோட்டில் படாமல் தப்பியிருந்தது.

பின்பக்கம்: “இடமிருந்து வலம். சுருட்டை, கணக்குப்பிள்ளை, நெட்டை, பாட்டுக்காரன், மாமா, தூங்குமூஞ்சி.”

கீழே வேறு மையில் ஒரே சொல்: “ஆறு.”

செயலாளரிடம் அந்தக் கப்பலில் இறந்த ஆறு பேரின் பதிவுப் பெயர்ப் பட்டியல் இருக்கிறது. என்னிடம் பட்டப்பெயர்கள். பாட்டுக்காரன் யாரென்று ஊகிக்கலாம். ஊகத்தை வைத்து ஒரு பெண்ணிடம் இதுதான் உன் அப்பா என்று முகத்தைக் கொடுக்கவா முடியும்? ஆறையும் ஆறோடு சேர்க்க உலகத்தில் ஒரே ஆள்தான். அந்த ஆள் கூடத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 6

படத்தைக் காணவில்லை. அப்பாவின் தலையணைக்கு அடியில் அதன் வெள்ளை விளிம்பு தெரிகிறது. கேட்டால், “எந்தப் படம்?” நிஜ மறதியா, வேஷமா? இவரோடு ஐம்பத்தொரு வருடம் இருந்தும் எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

செப்டம்பர் 9

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலையில் மறுபடி கேட்டேன். கெஞ்சினேன். அந்தப் பெண் கண்ணாடியைப் பற்றிச் சொன்னதைச் சொன்னேன். அப்பா கட்டையைக் காலால் அழுத்திக்கொண்டே, “காத்து வரட்டும்” என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ.

“காத்து காத்துன்னு என் வாழ்க்கையே போச்சுப்பா! ஒரு நாள், ஒரே ஒரு நாள் நான் கதவச் சாத்திட்டு உக்காந்திருக்கேனா? அம்மா செத்த அன்னிக்குக்கூட எல்லார் முன்னாடியும்தான அழுதேன்! அதுக்குக் காரணமும் சொல்ல மாட்டீங்க, பேரும் சொல்ல மாட்டீங்க!”

என் அறைக்குள் போய், கட்டையை எட்டி உதைத்து, கதவை அறைந்து சாத்தினேன். ஐம்பத்தொரு வருடத்தில் முதல் முறை. கீல் துருப்பிடித்து, சட்டத்தில் இறுகிக்கொண்டது. நான் முதுகைக் கொடுத்துச் சாய்ந்து நின்றேன். வாயைத் திறக்கவில்லை. வீம்பு.

அப்புறம் — அப்பா தட்டினார். தட்டக் கூடாது என்று சட்டம் போட்ட மனிதர். இரண்டு கையாலும்.

“பாப்பா! பாடு! பாடு பாப்பா!”

நான் சும்மா நின்றேன். ஏன் நின்றேன்? உடனே திறந்திருக்கலாமே? ஒரு நிமிஷம் இருக்கும். பாவி, ஒரு நிமிஷம் நின்றேன்.

“பாட்ட நிறுத்தாதீங்கடா! திறந்துடறேன்டா!” என்றது குரல். அது என்னைக் கூப்பிடும் குரலே இல்லை.

கதவு வரவில்லை. இழுத்தேன், அவர் வெளியிலிருந்து தள்ளினார். திறந்தபோது அப்பா தரையில் விழுந்திருந்தார். அடி ஒன்றுமில்லை. ஆனால் முகம் — எழுத வரவில்லை.

செப்டம்பர் 10

நேற்றே சொன்னார். என் அறை வாசலில் தரையில் உட்கார்ந்தபடியே. நான் தண்ணீர் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தேன்.

கப்பல் அடிபட்டதும் கீழ்த்தளத்தில் தண்ணீர் ஏறியது. அந்தத் தளத்துக்கு ஒரே ஓர் இரும்புக் கதவு. மூடாவிட்டால் கப்பலே போகும். மேலே இருநூறு பேர். மூடச் சொல்லி உத்தரவு. கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தவர் அப்பா.

“எட்டுக் கைப்பிடி பாப்பா, அந்தக் கதவுக்கு. ஒவ்வொண்ணா இறுக்கணும். அஞ்சாவதுக்கு வரும்போது உள்ள இருந்து தட்டினாங்க. ஆறு பேரும் உள்ளதான் இருக்காங்கன்னு எனக்குத் தெரியும். மத்தியானம் நான்தான அங்க போய்ப் படம் எடுத்தேன். எட்டாவதையும் இறுக்கினேன். அப்புறம் தட்டறது நின்னுச்சு. பாட்டு கேட்டுச்சு. அவன்தான். நான் கதவுல காத வெச்சு நின்னுட்டே இருந்தேன்.”

அதற்குமேல் அவர் சொல்லவில்லை. பாட்டு நின்றிருக்கிறது. அவ்வளவுதான்.

இவ்வளவு வருடம் நான் சோப்புப் போட்டுக்கொண்டு, சினிமாப் பாட்டை வரி மாற்றிப் பாடி, இந்த மனிதருக்குச் சங்கீத ரசனையே இல்லை என்று மருத்துவமனை பூராவும் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

நானும் சொல்லிவிட்டேன். “அப்பா, பின்னாடி எழுதினத எல்லாம் பசையில ஒட்டி நாசம் பண்ணினது நான்தான். ஈரம்னு எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன்.”

“எனக்குத் தெரியாதா? நீ ஒட்டினப்ப நிம்மதியா இருந்துச்சு பாப்பா. இனிமே பேர் தெரியாதுன்னு.” பிறகு, “பேர அழிக்கற வேலைய உன்கிட்ட விட்டுட்டேன்” என்றார்.

தலையணைக்கு அடியிலிருந்து படத்தை அவரே எடுத்து வந்தார். செயலாளர் அனுப்பிய பட்டியலை நான் படித்தேன். ஒவ்வொரு பதிவுப் பெயருக்கும் ஒரு முகத்தில் விரலை வைத்தார். எங்கும் யோசிக்கவில்லை. ஐந்தாவதாக அந்தத் தையற்காரப் பெண்ணின் அப்பா பெயரைப் படித்தேன். விரல் பாட்டுக்காரன்மேல் போய் நின்றது.

காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டேன். தெரியவில்லை.

செப்டம்பர் 11

செயலாளருக்கு எல்லாவற்றையும் அனுப்பிவிட்டேன். அப்பா ஒரு வரி கூடுதலாகப் போடச் சொல்லியிருக்கிறார். “அதெல்லாம் எதுக்கும்மா!” என்று கத்தினார் செயலாளர். அப்பா தொலைபேசியை வாங்கி அவரைவிட உரக்கக் கத்தினார்: “போடுய்யா!”

செப்டம்பர் 14

அந்தத் தையற்காரப் பெண் வந்தாள். என்னைவிட இரண்டு வயதோ மூன்று வயதோ மூத்தவளாக இருப்பாள். என்னையே அக்கா என்கிறாள். போகட்டும். கழுத்தில் இஞ்சு நாடா தொங்கிக்கொண்டிருந்தது, கழற்ற மறந்துவிட்டாள்.

படத்தை மடியில் வைத்து வெகு நேரம் பார்த்தாள். பிறகு தன் காதைத் தொட்டுப் பார்த்தாள். “காது,” என்றாள். “காது இவரோடது.”

அப்பா அவள் எதிரே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், மேலதிகாரி முன் உட்கார்வதைப் போல. “அந்தக் கதவ மூடினது நான்தாம்மா” என்றார். சுற்றி வளைக்கவில்லை. கைப்பிடி எட்டையும் சொன்னார். பாட்டையும் சொன்னார்.

அவள் நாடாவைச் சுருட்டினாள், பிரித்தாள், சுருட்டினாள்.

“எங்கம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. தெரியாமலே போயிடுச்சு,” என்றாள். கோபமா அழுகையா என்று தெரியவில்லை. அப்புறம், “என்ன பாட்டு?” என்று கேட்டாள்.

“பாட்டு ஞாபகம் இல்லம்மா. எவ்வளவோ தேடிப் பாத்துட்டேன். இவ பாடற மாதிரி இருக்காது. நல்லா இருக்கும்.”

அவள் சிரித்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் ஓட ஓடச் சிரித்தாள். படத்தில் இடமிருந்து நான்காவது ஆளை நான் ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

கிளம்பும்போது அவள் செருப்பு இடறி வாசல் கட்டை நகர்ந்திருக்கிறது. அவளுக்கு என்ன தெரியும்? மற்ற வீடுகளில் செய்வதைப் போல மரக்கதவை மரியாதையாக இழுத்துச் சாத்திவிட்டுப் போனாள். டக்.

நான் பாய்ந்தேன். அப்பா கையைத் தூக்கினார். இரு, என்பதைப் போல.

மூடிய கதவைப் பார்த்தபடி சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். வியர்த்துக் கொட்டியது. எழுந்து திறக்கவில்லை. பூனைதான் வெளியே நின்று கத்தியது.

செப்டம்பர் 17

இன்று எல்லாக் கதவும் பழையபடி திறந்துதான் கிடந்தது. கட்டைகள் அதனதன் இடத்தில். நான் என்ன எதிர்பார்த்தேன்?

செப்டம்பர் 21

முதன்முறையாக வீட்டில் யாருக்கும் ஒளிக்காமல் உட்கார்ந்து எழுதுகிறேன். தலை இன்னும் காயவில்லை.

காலையில் மலர் வந்தது. வெங்காயப் படம் ஒரு முழுப் பக்கம். ஆறு பெயர்கள், பட்டப்பெயரோடு. கீழே அப்பாவின் பெயர், படம் எடுத்தவர் என்று. அதற்கும் கீழே அவர் கேட்டுச் சேர்த்த வரி: “இவர்கள் இருந்த அறையின் கதவை மூடியவரும் இவரே.” அப்பா அதை மூன்று முறை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

நான் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனேன். பின்னாலேயே வந்தார். குனிந்து, முனகிக்கொண்டே, குளியலறைக் கட்டையை உருவினார்.

“சாத்திக்க பாப்பா.”

“தாழ்ப்பாள் இல்லையேப்பா.”

“நான் வெளிய பிடிச்சுக்கறேன்.”

“பாடணுமா?”

“வேணாம். அக்கம்பக்கம் பொழச்சுப் போகட்டும். முடிஞ்சதும் தட்டு. திறக்கறேன்.”

உள்ளே போனேன். கதவு சாத்திக்கொண்டது. கதவின் உள்பக்கம் பச்சைச் சாயம்; இத்தனை வருடமும் சுவரைப் பார்த்தே நின்றதால் புதுசாக இருக்கிறது. வெளியே அவர் மூச்சு கேட்டது. கைப்பிடி லேசாக ஆடிக்கொண்டே இருந்தது. வேகவேகமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். பாடவில்லை. வாய் இரண்டு தடவை தானாகத் திறந்தது, மூடிக்கொண்டேன். அவரும் ஒன்றும் கேட்கவில்லை.

உடுத்திக்கொண்டு நின்றேன். தட்டக் கை வரவில்லை. பிறகு ஒரு விரலால், மெதுவாக, ஒரே ஒரு தடவை.

இரண்டாவதற்கு விரலை மடக்குவதற்குள் கதவு திறந்துவிட்டது. முதலில் தெரிந்தது விளிம்பில் அந்தக் கட்டைவிரல்.